பதினைந்தாயிரத்துக்குள் சீன போன்: சார்ஜ் நிற்கவும் நாலு வருஷம் உழைக்கவும் எதைப் பார்த்து வாங்குவது?

பத்தாயிரம், பன்னிரண்டாயிரம், மிஞ்சினால் பதினைந்தாயிரம் ரூபாயில் போன் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் சேரும் பிள்ளையின் முதல் போன், டெலிவரி வேலைக்குப் போகிறவரின் பிழைப்புப் போன், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலுக்காக வாங்கித் தரும் போன் எல்லாம் இந்த விலைக்குள்தான் வருகின்றன. அறுபதாயிரம் கொடுத்து வாங்குகிறவருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ள வசதி இருக்கும். இங்கே அது கிடையாது. பலர் தவணையில் வாங்குகிறார்கள். தவணை முடிவதற்குள் போன் படுத்துவிட்டால், இல்லாத போனுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டியதுதான். அதனால் குறைந்த விலைப் போனைத் தேர்ந்தெடுக்கத்தான் கூடுதல் நிதானம் வேண்டும்.

இந்த விலையில் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி சீன கம்பெனிகளின் போன்கள். "சைனா செட் சீக்கிரம் போயிடும்" என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது வேறொரு காலத்துப் பொருள். பெரிய ஸ்பீக்கரும் இரண்டு சிம்மும் வைத்து, கம்பெனிப் பெயரே இல்லாமல், போனை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்கூட இல்லாமல் வந்த செட்டுகள் அவை. ஐஎம்இஐ இல்லாத போன்களின் இணைப்பை 2009 டிசம்பர் முதல் துண்டிக்கும்படி அரசு உத்தரவிட்டதோடு அந்தக் காலம் முடிந்தது. இன்று இங்கே விற்கும் ரெட்மி, விவோ, ரியல்மி போன்களில் பெரும்பாலானவை நொய்டா பக்கமோ, ஆந்திராவின் ஸ்ரீ சிட்டியிலோ, நம் ஸ்ரீபெரும்புதூரிலோ கோர்க்கப்பட்டு வருபவை. தரம் இல்லாமல் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே விலையில் நல்ல போன் ஒன்றையும் சுமாரான போன் ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்கிறது, பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதுதான் சிக்கல். அந்த வித்தியாசத்தைப் பிடிப்பதற்கான வழிகள் கீழே.

முதலில், எந்தப் பெயர் எந்த வீட்டைச் சேர்ந்தது

கடையில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் தெரியும். உண்மையில் இருப்பவை நாலைந்து குடும்பங்கள். ஷாவ்மி 2010இல் பெய்ஜிங்கில் தொடங்கி, 2014 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. ரெட்மியும் போக்கோவும் அதன் பிள்ளைகள். டோங்குவான் நகரத்து பிபிகே என்ற பழைய மின்னணுக் குழுமத்தின் வழியில் வந்தவை ஒப்போவும் விவோவும். ரியல்மி 2018இல் ஒப்போவிலிருந்து கிளைத்தது, ஒன்பிளஸும் ஒப்போ பக்கம்தான், ஐக்யூ விவோவின் கிளை. இன்ஃபினிக்ஸ், டெக்னோ, ஐடெல் மூன்றும் ஷென்ஜென் நகரத்து டிரான்ஷன் கம்பெனியுடையவை. ஆப்பிரிக்காவில் மிகப் பெரிய விற்பனை அவர்களுக்கு. மோட்டோரோலா அமெரிக்கப் பெயர் என்றாலும் 2014 முதல் சீனத்து லெனோவோவின் கையில் இருக்கிறது.

இது தெரிந்தால் காசு மிச்சமாகும். ஒரே போன் இரண்டு பெயரில் வருவது இங்கே சகஜம். ரெட்மி 12சி போக்கோ சி55 ஆகவும், ரெட்மி 13சி 5ஜி போக்கோ எம்6 5ஜி ஆகவும் வந்தன. முதுகின் வடிவமைப்பு மாறும், கேமராவில் சின்ன மாற்றம் இருக்கும், உள்ளே கிட்டத்தட்ட அதே பொருள்தான். ஒரு மாடல் பிடித்துவிட்டால் அதன் உடன்பிறப்பு எது என்று தேடி, இரண்டின் விலையையும் ஒப்பிடுங்கள். ஆன்லைனுக்கு மட்டும் வரும் மாடலும் தெருமுனைக் கடைக்கு மட்டும் வரும் மாடலும் வேறு வேறாக இருக்கும். விவோவில் 'டி' வரிசை ஆன்லைனுக்கு, 'ஒய்' வரிசை பெரும்பாலும் கடைகளுக்கு. கடையில் வைக்கும் மாடலின் விலைக்குள் கடைக்காரர் கமிஷனும் அடங்கியிருக்கும். ஆகவே அதே காசுக்கு ஆன்லைன் மாடலில் போனின் மூளையான சிப் ஒரு படி மேலாக இருப்பதைப் பல முறை பார்க்கலாம்.

பேட்டரி: பெட்டியில் போட்ட எண்ணோடு நின்றுவிடாதீர்கள்

"5000 எம்ஏஎச் இருக்குங்க, ரெண்டு நாள் நிக்கும்" என்று கடையில் சொல்வார்கள். எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதன் அளவு. அதை வோல்டேஜோடு சேர்த்துப் பார்த்தால், 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-அவர் மின்சாரம் இருக்கும். அந்த 19ஐ உங்கள் போன் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதில்தான் சார்ஜ் நிற்பதும் நிற்காததும் இருக்கிறது. குடிப்பவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர்: சிப், திரை, சிக்னல்.

சிப்பிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு சிப்புக்கும் "இத்தனை நானோமீட்டர்" என்று ஒரு கணக்கு உண்டு. எண் சிறிதாக இருந்தால் அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில், குறைந்த சூட்டில் செய்யும் என்பது பொதுவான விதி. குறைந்த விலைப் போன்களில் அடிக்கடி வரும் ஹீலியோ ஜி85, யூனிசாக் டி606, டி612 எல்லாம் 12 நானோமீட்டர். ஹீலியோ ஜி99, டைமென்சிட்டி 6100+, 6300 ஆகியவை 6 நானோமீட்டர். ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2, டைமென்சிட்டி 7300 போன்றவை 4 நானோமீட்டர். ரெட்மி 13சியிலும் 5000 எம்ஏஎச், ரெட்மி 12 5ஜியிலும் 5000 எம்ஏஎச். முதலாவதில் 12 நானோமீட்டர் சிப், இரண்டாவதில் 4 நானோமீட்டர் சிப். பெட்டியில் பேட்டரி எண் ஒன்று, கையில் வைத்து வேலை வாங்கும்போது தெரியும் குணம் வேறு. இந்த விலையில் புதிதாக வாங்குகிறவர் 12 நானோமீட்டர் சிப்பை ஒதுக்கிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எட்டாயிரத்துக்குள்தான் முடியும் என்ற நிலையில் மட்டும் அதைப் பார்க்கலாம்.

அடுத்தது திரை. 720 பிக்சல் எச்டி+ திரை குறைவாகக் குடிக்கும், 1080 பிக்சல் ஃபுல் எச்டி+ கூடுதலாகக் குடிக்கும். 120 ஹெர்ட்ஸ் ஓட்டம், அதாவது வினாடிக்கு 120 முறை திரை புதுப்பிக்கப்படுவது, கண்ணுக்கு வழுவழுப்பாக இருக்கும், ஆனால் பேட்டரியைக் கொஞ்சம் தின்னும். செட்டிங்ஸில் 60க்கு இறக்கிக்கொள்ளலாம். அமோலெட் திரையில் கறுப்பு நிறம் வரும் இடத்தில் விளக்கே எரியாது என்பதால், டார்க் மோட் போட்டால் அதில் மிச்சம் உண்டு. எல்சிடி திரையில் டார்க் மோட் கண்ணுக்கு இதமாக இருக்கும், சார்ஜுக்குப் பெரிதாக உதவாது.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. வீட்டில் ஒரே ஒரு கோடு சிக்னல் வருகிறது என்றால், கோபுரத்தைப் பிடிக்கப் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் எந்த நல்ல போனும் மாலைக்குள் சோர்ந்துவிடும். 5ஜி வந்து வந்து போகும் ஊரில் நெட்வொர்க்கை 4ஜியில் நிறுத்தி வைத்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். போனை மாற்றுவதற்கு முன்னால் சிம்மை மாற்றிப் பார்க்க வேண்டிய வீடுகளும் உண்டு.

கடந்த சில ஆண்டுகளில் பெரிய மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. பேட்டரியின் ஒரு முனையில் இதுவரை கிராஃபைட் இருந்தது. அதில் சிலிக்கானும் கார்பனும் கலந்து செய்யும் முறையைச் சீன கம்பெனிகள் 2023 முதல் போன்களில் கொண்டுவந்தன. அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடங்குகிறது. அதனால்தான் 2025இல் விவோ டி4எக்ஸ் 6500 எம்ஏஎச், ரெட்மி 15 5ஜி 7000 எம்ஏஎச் என்று நடுத்தர விலையிலேயே பெரிய பேட்டரிகள் வரத் தொடங்கின. 6 நானோமீட்டர் அல்லது அதற்குக் கீழே உள்ள சிப்போடு 6000க்கு மேல் பேட்டரி கிடைத்தால் தயங்காமல் அந்தப் பக்கம் சாயுங்கள். பேட்டரிக்கு வயதாகிக் கால்பங்கு தேய்ந்தபிறகும் ஒரு நாளை ஓட்டிவிட அதில் மிச்சம் இருக்கும். எடை மட்டும் 200 கிராமைத் தாண்டும். அம்மாவுக்கு வாங்குவதானால் ஒருமுறை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

பேட்டரி எத்தனை வருஷம் வரும் என்பதற்குச் "சைக்கிள்" என்று ஒரு கணக்கு உண்டு. முழுதாக ஒரு தடவை தீர்ந்து நிரம்பினால் ஒரு சைக்கிள். பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினாலும் ஒன்றுதான். 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அமல்படுத்திய விதி. தினம் ஒரு சைக்கிள் என்றால் அது இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். பெரிய பேட்டரி என்றால் தினம் முக்கால் சைக்கிள்தான் ஆகும், ஆயுளும் அதற்கேற்ப நீளும்.

அந்த ஐரோப்பிய விதியால் நமக்கும் ஒரு லாபம் உண்டு. அங்கே விற்கும் ஒவ்வொரு போனுக்கும் இப்போது ஒரு லேபிள் கட்டாயம். ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும், பேட்டரி எத்தனை சைக்கிள் தாங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று சோதனை செய்த விவரங்களை அதில் போட வேண்டும். எப்ரெல் என்ற அவர்களது தரவுத்தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். நீங்கள் பார்க்கும் மாடல் ஐரோப்பாவிலும் விற்கிறதென்றால், விளம்பரத்தைவிட அந்த லேபிளை நம்பலாம். ஒரு எச்சரிக்கை: பெயர் ஒன்றாக இருந்தும் அங்கே பேட்டரி சிறிதாக, சிப் வேறாக இருப்பதுண்டு. அதைச் சரிபார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சார்ஜர்

10 அல்லது 15 வாட்டில் 5000 எம்ஏஎச் நிரம்ப இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். 33 வாட்டில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி முடியும். அதற்கு மேல் வேகம் இந்த விலையில் அவசியமில்லை. சில போன்கள் 18 வாட்தான் ஏற்கும், ஆனால் பெட்டியில் 33 வாட் சார்ஜர் வைத்து அதைப் பெரிதாக அச்சடிப்பார்கள். போன் எவ்வளவு ஏற்கும் என்பதைக் கேளுங்கள். இப்போது சில மாடல்களில் சார்ஜரே வைப்பதில்லை. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் மூன்றும் தங்களுக்கென்று தனி வேகச் சார்ஜ் முறை வைத்திருக்கின்றன. அவற்றின் பல மாடல்களில் வேறு கம்பெனிச் சார்ஜரைச் செருகினால் வேகம் வெகுவாக இறங்கிவிடும். இது பழுதில்லை. ஆனால் சார்ஜர் தொலைந்தால் அதே கம்பெனியுடையதைத்தான் வாங்க வேண்டும். வெளியே வாங்கும் எந்தச் சார்ஜரிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்று பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். பேருந்து நிலையத்தில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சார்ஜரால் பேட்டரி உப்பிய போன்கள் ரிப்பேர் கடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

உடம்பு உறுதியா?

ஐபி என்று ஒரு குறியீடு பார்ப்பீர்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 என்றால் தூசி ஓரளவு தடுக்கப்படும், தண்ணீர் தெறித்தால் தாங்கும். ஐபி64 என்றால் தூசி அறவே போகாது. ஐபி68 தண்ணீரில் மூழ்கினாலும் கம்பெனி சொன்ன ஆழத்துக்கு, சொன்ன நேரத்துக்குத் தாங்கும். ஐபி69 அழுத்தமான வெந்நீர்ப் பீச்சையும் தாங்கும். 2024 டிசம்பரில் வந்த ரியல்மி 14எக்ஸ் 15,000 ரூபாய்க்குள்ளேயே ஐபி69 கொடுத்தது. ஆகவே இது இனி பணக்காரப் போனுக்கு மட்டுமான சமாசாரமில்லை. மழையில் வண்டி ஓட்டும் டெலிவரி ஆட்களுக்கும், மீன் வியாபாரம், சலவை என்று ஈரக்கையோடு போனை எடுக்கிறவர்களுக்கும் நான் ஐபி64க்குக் கீழே சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனாலும் ஒன்றை மறக்க வேண்டாம். சோதனை புதுப் போனில், நல்ல தண்ணீரில் நடக்கிறது. கடல் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. தண்ணீர் புகுந்து போன் போனால் வாரண்டி கிடையாது. ஒருமுறை திறந்து டிஸ்ப்ளே மாற்றிய போனில் பழைய அடைப்பு அப்படியே இருக்கும் என்று நம்பவும் முடியாது.

"மிலிட்டரி கிரேட்" என்று போட்டிருப்பார்கள். எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைத் தொகுப்பு. அதில் எந்தச் சோதனையை, எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்துகொள்ளலாம், ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

கண்ணாடி முதுகுக்கு ஆசைப்படாதீர்கள். பிளாஸ்டிக் முதுகு விழுந்தால் கீறல் விழும், உடையாது. ஓரம் வளைந்த திரையையும் தவிர்த்துவிடுங்கள். டெம்பர் கிளாஸ் ஒழுங்காக ஒட்டாது, உடைந்தால் மாற்றும் செலவும் அதிகம். கடையில் டெமோ போனைக் கையில் எடுத்துப் பட்டன்கள் ஆடுகின்றனவா, நடுமுதுகை அழுத்தினால் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். சார்ஜ் போர்ட்டில் வயரைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். இந்த விலைப் போன்களில் முதலில் போவது பெரும்பாலும் அந்த போர்ட்தான்.

எல்சிடியா அமோலெட்டா என்று கேட்டால், உழைப்பை மட்டும் பார்க்கிறவருக்கு நான் எல்சிடியைச் சொல்வேன். அமோலெட்டில் நிறம் அழகு, வெயிலில் நன்றாகத் தெரியும். ஆனால் உடைந்தால் எல்சிடியைவிடக் கூடுதல் செலவாகும். சில வருஷம் ஆன அமோலெட் திரைகளில் பச்சைக் கோடு விழும் பிரச்சினை இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்டு, அதற்கென்று இலவச மாற்று அறிவித்த கம்பெனிகளும் உண்டு. போனை அடிக்கடி கீழே போடும் பழக்கம் இருக்கிறவர் விலை குறைந்த திரையோடு இருப்பதே நிம்மதி.

ஸ்டோரேஜ்: போன் ஹேங் ஆவதன் வேர்

இரண்டாவது வருஷத்தில் "போன் ரொம்ப ஹேங் ஆகுது" என்று வருபவர்களின் போனைத் திறந்து பார்த்தால், காரணம் அநேகமாக ஸ்டோரேஜில் இருக்கும். இஎம்எம்சி, யூஎஃப்எஸ் என்று இரண்டு வகை. இஎம்எம்சி 5.1 வினாடிக்கு ஏறக்குறைய 300 எம்பி படிக்கும், யூஎஃப்எஸ் 2.2 அதைப்போல மூன்று மடங்கு. வாட்ஸ்அப் படங்கள் குவிந்து ஸ்டோரேஜ் முக்கால்வாசி நிரம்பியதும் இஎம்எம்சி போன் தள்ளாடத் தொடங்கும். பெட்டியில் இதைப் பெரும்பாலும் அச்சடிப்பதில்லை. கம்பெனி இணையதளத்தின் விவரப் பக்கத்தில் தேடுங்கள். அங்கேயும் வகை சொல்லாமல் வெறுமனே "128 ஜிபி" என்று மட்டும் இருந்தால் இஎம்எம்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேம் குறைந்தது 6 ஜிபி, ஸ்டோரேஜ் 128 ஜிபி. "4 + 4 ஜிபி", "8 + 8 ஜிபி" என்று போட்டிருந்தால் முதல் எண்தான் உண்மை ரேம். இரண்டாவது, ஸ்டோரேஜில் ஒரு பகுதியைக் கடன் வாங்கி ரேம் மாதிரி ஓட்டுவது. அதனால் வேகம் கூடாது.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 50 மெகாபிக்சல் என்றாலும் 108 மெகாபிக்சல் என்றாலும் இந்த விலையில் பகல் படம் நன்றாக வரும், இரவுப் படம் சுமாராக வரும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் கேமராக்கள் எண்ணிக்கைக்காக இருப்பவை.

5ஜி என்று போட்டிருந்தால் போதுமா

ஜியோ தன் 5ஜியைத் தனித்து நிற்கும் கட்டமைப்பாக அமைத்தது. அதை எஸ்ஏ என்பார்கள். ஏர்டெல் 4ஜி கட்டமைப்பின் மேல் ஏறி வரும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. சில மலிவான சிப்கள் எஸ்ஏவை மட்டும் ஆதரிக்கின்றன. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி அப்படிப்பட்டது. ஜியோவில் 5ஜி வரும், ஏர்டெலின் என்எஸ்ஏ 5ஜி அதில் வராது. பத்தாயிரத்துக்குக் கீழே 5ஜி போன் பார்க்கும்போது உங்கள் சிம்முக்கு வேலை செய்யுமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பேண்டு எனப்படும் அலைவரிசைகளில் என்78, என்28 இரண்டும் இருக்க வேண்டும்.

மென்பொருளும் விளம்பரமும்

எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்பதைக் கம்பெனி தன் பக்கத்தில் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். போனிலேயே வங்கிக் கணக்கு, யூபிஐ எல்லாம் ஓடுவதால் இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூன்று வருஷத்துக்குக் குறைவாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். போன் ஏற்கெனவே வெளியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தால் அந்த ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்டேட் கணக்கு வெளியான தேதியிலிருந்து ஓடுகிறது.

விலையைக் குறைத்ததில் ஒரு பங்கை விளம்பரம் மூலம் எடுத்துவிடுவது இந்தப் போன்களின் வழக்கம். ஷாவ்மி போன்களில் செட்டிங்ஸ் தேடலில் "ஆத்தரைசேஷன்" என்று தேடி, அதில் எம்எஸ்ஏ என்பதை அணைத்தால் பெரும்பகுதி விளம்பரம் நின்றுவிடும். மற்ற கம்பெனிப் போன்களில் "ரெகமண்டேஷன்ஸ்" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அணையுங்கள். முதலில் போன் தொடங்கும்போது கேட்கும் அனுமதிகளில் "மேம்படுத்த உதவுங்கள்" என்ற ரகம் எதற்கும் சம்மதம் தர வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு: சார்ஜை மிச்சப்படுத்த, பின்னால் ஓடும் செயலிகளை இந்தப் போன்கள் கொன்றுவிடும். வாட்ஸ்அப் மெசேஜ் போனைத் திறந்தபிறகுதான் வருகிறது, அலாரம் அடிக்கவில்லை என்ற புகார்களின் காரணம் அதுதான். தேவையான செயலிக்கு ஆட்டோஸ்டார்ட் அனுமதி கொடுத்து, பேட்டரி பகுதியில் "நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" போட்டுவிடுங்கள். டெலிவரி, டாக்சி செயலிகள் வைத்திருப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்ய வேண்டும். ஆர்டர் தவறினால் அன்றைய வருமானம் போய்விடும்.

வாங்கும் முன் ஒரு போன் கால்

இரண்டு மாடல்களுக்குள் தடுமாற்றம் வந்தால் நான் பார்ப்பது சர்வீஸ் சென்டர். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கிறவர்களுக்கு எந்தக் கம்பெனியும் கிடைக்கும். சிறிய ஊர்க்காரர்கள் பக்கத்து நகரத்து அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரின் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் எடுத்து, அழைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே ஸ்டாக் இருக்கிறதா? பேட்டரி மாற்ற எவ்வளவு, எத்தனை நாள்? தடுமாறாமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி. ஷாவ்மி, ஒப்போ, விவோ, ரியல்மி ஆகியவை இந்தியாவுக்கான உதிரிபாக விலைப் பட்டியலை இணையத்திலேயே போட்டிருக்கின்றன. டிஸ்ப்ளே, பேட்டரி, மதர்போர்டு மூன்றின் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே விலை போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த, சீனாவுக்கான பதிப்புப் போன் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். இங்கே வாரண்டி இராது, சில நெட்வொர்க் பேண்டுகள் இராது, கூகுள் சேவைகளை வேறு யாரோ ஏற்றியிருப்பார்கள்.

வாங்கும் நாளும் முதல் வாரமும்

பெட்டியில் உற்பத்தி மாதம், வருஷம் இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் குடோனில் கிடந்த பெட்டியானால் வேறு கேளுங்கள். சும்மா கிடந்தாலும் பேட்டரி தேயும். ஆன்லைனில் என்றால் திறந்து காட்டித் தரும் ஓபன் பாக்ஸ் டெலிவரியைத் தேர்ந்துகொண்டு, சரிபார்க்கும்வரை ஓடிபி சொல்லாதீர்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணும் பெட்டியில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளி விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் டைப் செய்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்த எண் எந்த மாடலுடையது என்று பதில் வரும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம்.

ஷாவ்மி குடும்பத்தில் *#*#6484#*#*, ஒப்போ, ரியல்மியில் *#899#, விவோவில் *#558# என்று அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும். தொடுதிரை, ஸ்பீக்கர், மைக், சென்சார் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள். ஆன்லைன் கடைகளில் மாற்றித் தரும் அவகாசம் பெரும்பாலும் ஏழு நாள்தான். ஆகவே முதல் வாரம் போனைக் கொஞ்சமும் சும்மா வைக்காதீர்கள்: ஒரு மணி நேரம் தொடர்ந்து வீடியோ கால், அரை மணி நேரம் மேப் போட்டு வெளியே பயணம், சார்ஜில் போட்டபடி கையால் தொட்டுச் சூடு பார்ப்பது. இரவு படுக்கும்போது ஏரோபிளேன் மோட் போட்டு சதவீதத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். இரண்டு, மூன்று சதவீதம் இறங்கியிருந்தால் சரி. பத்து இறங்கியிருந்தால் அவகாசம் முடிவதற்குள் மாற்றிக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் செயலிகள் இறங்கி, அப்டேட் ஆகிச் சார்ஜைக் குடிக்கும் என்பதால் இந்தச் சோதனையை மூன்றாம் இரவில் செய்வது நல்லது.

சில போன்களில் செட்டிங்ஸின் அபவுட் போன் பகுதிக்குள் பேட்டரி விவரம் இருக்கும். அதில் பேட்டரி தயாரான தேதியும் சைக்கிள் எண்ணிக்கையும் தெரியும். புதுப் போனில் சைக்கிள் முப்பது, நாற்பது என்று காட்டினால் அது யாரோ ஓட்டிய போன்.

கையில் வந்தபிறகு

பேட்டரியின் பெரிய எதிரி வெயில். சித்திரை, வைகாசியில் பைக் ஹோல்டரில் நேர் வெயிலில் மேப் ஓடியபடி சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால், ஒரு கோடையிலேயே பேட்டரி தேய்ந்துவிடும். அப்படித்தான் வேலை என்றால் சார்ஜை நிழலில் நிற்கும்போது மட்டும் ஏற்றுங்கள், திரை வெளிச்சத்தைப் படிக்கக்கூடிய அளவோடு நிறுத்துங்கள். செட்டிங்ஸில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பூஜ்யம்வரை இறக்கி நூறுவரை ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிகளுக்குச் சொன்னது. லித்தியம் பேட்டரிக்கு 20க்கும் 80க்கும் இடையில் இருப்பதே சுகம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள்.

முதுகு மூடி ஓரத்தில் தூக்கினால், திரை விளிம்பில் வெளிச்சம் கசிந்தால், பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அன்றைக்கே போனை அணைத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசி போட்டுக் காற்றை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும்.

வாரண்டி போனுக்கு ஒரு வருஷம், சார்ஜர் போன்ற துணைப்பொருட்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். பில்லைப் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது என்ன குறை என்று ஜாப் ஷீட்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டிக்குள் இருந்தும் மறுத்தால், இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே மனு போடலாம். பில்லும் ஜாப் ஷீட்டும் கையில் இருந்தால் போதும்.